தட்டுச் சத்தம்

வாங்க சித்தப்பா, செருப்பெல்லாம் கழட்ட வேணாம், சாக்கு மேலயே நடந்து வாங்க. ஆமா, வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் காப்பிச் சாக்குதான் விரிச்சிருக்கேன். கரியனுக்காக. கெழட்டு நாய்க்குச் சிவப்புத் தரை வழுக்குது, பின்னங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிடுது அவனுக்கு.

உங்க மேடு வரைக்கும் கேட்டுச்சா தட்டுச் சத்தம்? கேக்காம என்ன, நம்மூர்ல பையன் பொறந்தா துப்பாக்கி வெடி, பொண்ணுன்னா வெண்கலத் தட்டு, காது இருக்கிறவனுக்கெல்லாம் சேதி போயிடுமே. தேச்சம்மா நல்லா இருக்கா. குழந்தையும் நல்லா இருக்கு. மடிக்கேரி ஆஸ்பத்திரியில, காலைல ஆறே காலுக்கு. கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு சித்தப்பா, பன்னெண்டு வருஷம். ம்ம், மகாலட்சுமி வந்துட்டாங்கறீங்க, சரி சரி. உக்காருங்க. அந்தத் துப்பாக்கியா? சும்மா, எண்ணெய் போட எடுத்தேன். இருங்க, இவன் வெந்நீர்ப் பை ஆறிப்போச்சு, மாத்திட்டு வந்துடறேன்.

ஹ்ம், எங்க விட்டேன்? ஆங், இவன் கால். இடுப்பு மூட்டு தேஞ்சே போச்சாம். மழை புடிச்சாப் போதும், எழுந்திரிக்கவே அரை மணி நேரம். டாக்டர் எடையக் குறைன்னாரு. பன்னிக்கறி கட். அஞ்சு கிலோ இறங்கியிருக்கான், பாருங்க. காலைல பத்து நிமிஷம் நடை, சாயங்காலம் பத்து நிமிஷம். மாத்திரைய கடம்புட்டு அரிசி உருண்டைக்குள்ள வெச்சுக் குடுத்தா, உருண்டையத் தின்னுட்டு மாத்திரையத் துப்பறான், திருட்டுப்பய. நான் ஒருநாள் என் முதுகுவலி மாத்திரையில பாதி குடுக்கப் போயி, டாக்டர் கத்துன கத்து இருக்கே! கிட்னி போயிருக்குமாம்.

இல்ல இல்ல, நிக்கறேன், என்னால உக்கார முடியல.

சித்திரையில ஒண்ணு நடந்துச்சு, உங்களுக்குத் தெரியாது. ஆத்துக்கு அந்தாண்ட யாரோ பன்னி விரட்டச் சுட்டாங்க. இவனுக்குத்தான் வெடின்னா ஒரே அர்த்தமாச்சே, ஓடணும். எத்தனை வருஷம் என்கூட பன்னி விரட்டி வயல்ல ஓடியிருக்கான். திண்டாடி எழுந்தவன், அப்படியே படியிலேர்ந்து தாவிட்டான். நாலு நாள் சித்தப்பா, ஒண்ணுக்குப் போகக்கூட எழ முடியல. நானும் தேச்சம்மாவும் துண்டை வயித்துக்கடியில குடுத்துத் தூக்கி நிறுத்துவோம். அவ, அந்த எட்டு மாச வயித்தோட. இன்னொரு தாவு தாவினான்னா பின்னங்காலை மறந்துடுங்கன்னுட்டாரு டாக்டர். பன்னி வந்தா தோட்டத்துக் கடைசியில போய்ச் சுடலாமேங்கறீங்களா? ஆத்துக்கு அந்தாண்ட சுட்டதுக்கே அப்படி. சத்தம் கேக்காமத் தூங்க மயக்க மருந்தும் கேட்டுப் பாத்தேன், இந்த வயசுல வேணாமாம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்பக்கூட ஜீப்புல ஏறிட்டு, கரியனைக் காட்டி, என் மூத்தவனைப் பாத்துக்கோங்கன்னுதான் சொன்னா.

காலைல ஃபோன் வந்ததும் துப்பாக்கிய எடுத்துட்டேன். ஆமா, எண்ணெய் போடன்னு சொன்னது பொய்தான். தோட்டாவும் போட்டேன். நான் பொறந்தப்ப அப்பா போட்ட வெடியப் பத்தி நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. வாசல்ல வந்து நின்னா, இவன் துப்பாக்கியப் பாத்துட்டான். வாலை ஆட்டறான். எழுந்திரிக்கப் பாக்கறான், முன்னங்கால ஊனி, ஊனி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. தோட்டாவ உருவிட்டேன். ஆனா சும்மா இருக்கவும் முடியல சித்தப்பா, பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு சத்தம்கூட இல்லாம எப்படி இருக்கறது? தட்டை எடுத்து அடிச்சேன், கை வலிக்க வலிக்க. இவன் என்னடான்னா சோறுன்னு நெனச்சு, சாக்கு மேலயே மெதுவா நடந்து வந்து நிக்கறான்.

அதான் சொல்ல வந்தேன். பொண்ணு இல்ல. பையன்.

என்ன சித்தப்பா, அப்படிப் பாக்கறீங்க? மூத்தவனுக்குக் கால் முடியாதப்ப சின்னவனுக்கு வெடி என்ன வேண்டிக் கெடக்கு?

சித்தப்பா, உக்காருங்க. துப்பாக்கியத் தொடாதீங்க.