சம்மட்டியும் நிழலும் மோதிய மத்தியானம்

உங்கள் சட்டைத் துணியைச் சுத்தப் பருத்தி என்று சொல்லி விற்றிருப்பார்கள், சார். பாதிதான் பருத்தி. வருத்தப்படாதீர்கள். என் கடைக்கு வந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் கொடுத்திருந்தால் காலர் இப்படி நூல் பிரிந்திருக்காது.

பெரியவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் குத்துச்சண்டை பேச வேண்டியிருக்கிறது.

சம்மட்டி என்று ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் இருந்தான். என் அப்பா ரேடியோவில் கேட்டு வளர்ந்த ஆள். குள்ளம், கழுத்து என்று ஒன்று கிடையாது, குனிந்தபடியே உள்ளே நுழைந்து விலாவில் இறக்குவான். அவன் ஓய்ந்த பிறகு வந்தவன் நிழல். ஆறரை அடி உயரம், இடது கையை நீட்டி நீட்டி எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்திவைத்து, ரிங் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவான். இரண்டு பேரும் மோதியதே இல்லை என்றுதான் உலகம் நினைத்தது. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? என் கட்சி சம்மட்டி. என் மச்சினன் கட்சி நிழல்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. டவுன் பஸ் ஓட்டுகிறான். டூட்டி முடிந்ததும் நேராக என் துணிக்கடைக்கு வருவான். காக்கிச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தவுடன் ஆரம்பிப்பான்.

"உங்க சம்மட்டி கையை ஓங்குறதுக்குள்ள எங்க ஆளு வெளியில போய் டீ குடிச்சிட்டு வந்துருவான், அத்தான்."

"ரிங்குக்கு நாலு பக்கமும் கயிறு இருக்கு, மாப்ள. உன் பஸ் மாதிரி ஸ்டாப்புல நிக்காம ஓடிற முடியாது. எத்தனை சுத்து சுத்தினாலும் ஒரு மூலைக்கு வந்துதான் ஆகணும்."

"மூலைக்கு வர்றதுக்குள்ள உங்காளுக்கு மூச்சு வாங்கிடும். வயித்தப் பாத்தீங்களா? உங்க துணி பேல் மாதிரி."

"அந்த வயித்துல குத்தினவன் கைதான் உடைஞ்சிருக்கு."

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் செத்து சுடுகாடு போயாச்சு. இன்னும் அவனுங்கள நிம்மதியா தூங்க விடமாட்டீங்களா?" என்பாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்று கேட்பாள். சிரிப்பை அடக்குவது அவள் தோளில் தெரியும்.

அவள் இறந்துபோன பிறகு மச்சினன் கொஞ்ச நாள் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை. அவன் வந்தது அக்காவைப் பார்க்க. நான் அக்கா வீட்டு நாற்காலி மாதிரி. பிள்ளை குட்டியும் எங்களுக்கு இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்பேன். யாரும் இல்லாத வீட்டில் விளக்கு எதற்கு என்று தோன்றும். ஒரு வாடிக்கையாளர் அரை மீட்டர் கேட்டால் நான் ஊர்க்கதை எல்லாம் பேசி நிறுத்திவைப்பேன். தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

ஒரு சாயங்காலம் மச்சினன் வந்தான். இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பப்போகிறான் என்று நினைத்தபோது, "என்ன இருந்தாலும் உங்க சம்மட்டிக்குக் காலாட்டம் போதாது, அத்தான்" என்றான். சார், மூழ்கப் போகிறவன் கையில் கயிற்றைக் கொடுத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

போன மாதம் சொன்னான், வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாளாம். "இருடி, சண்டை முடியட்டும், வர்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான் கல்லாவுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவன். மழை நாளில் கடை காலியாகக் கிடந்தால் அப்பா வேண்டுமென்றே பேரத்தை இழுப்பார். கேட்ட விலைக்குக் கொடுக்கவும் மாட்டார், முடியாது என்று சொல்லவும் மாட்டார். படிந்துவிட்டால் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், கடை மறுபடி காலி. வியாபாரத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். சண்டை முடிந்தால் போகிறேன் என்று மச்சினன் சொல்லிவிட்டான். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெரியவர் வந்தார். கஞ்சி போடாத மெல்லிய பருத்தித் துணி, நாடாவாகக் கிழித்து வேண்டும் என்றார். கிழித்துக் கொடுத்ததைக் கட்டைவிரலில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை கடகடவென்று சுற்றினார். அப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை.

"எதுக்குப் பெரியவரே?"

"பழக்கம் தம்பி. கட்டலைன்னா விரல் நடுங்குது. ஒரு காலத்துல குத்துச்சண்டைக்காரங்களுக்குக் கைக்கட்டு கட்டினவன் நான். சம்மட்டிக்குக் கட்டியிருக்கேன். அப்புறம் நிழலுக்கும்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அவங்க ரெண்டு பேரும் மோதியிருக்காங்க தெரியுமா? சம்மட்டி ரிட்டயர் ஆன வருஷம். பயிற்சிக் கூடத்துக் கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு மத்தியானம். நான் மட்டும்தான் உள்ள. வெளியில சொல்றதில்லன்னு ரெண்டு பேர்கிட்டயும் வாக்குக் கொடுத்தேன். இப்ப அவங்களும் இல்ல, எனக்கும் டாக்டர் கையை விரிச்சிட்டார். சொல்லாமப் போனா அந்த மத்தியானமே என்னோட போயிடும். நாளைக்கு வர்றேன். உங்க மச்சினரும் இருக்கட்டும்."

எனக்கு மச்சினன் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் பெரியவர் சீக்கிரமே வந்துவிட்டார். மச்சினன் டூட்டியில் இருந்தான். நான் முதலில் நியாயமாகத்தான் பேசினேன். ஆயுசுக்கும் கைக்கட்டுத் துணி சும்மா தருகிறேன், ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். சரி, சமன் என்றாவது சொல்லுங்கள் என்று இறங்கி வந்தேன்.

"சமனா? விழுந்தவனை நான்தான் தம்பி கைகொடுத்துத் தூக்கினேன்" என்று சிரித்தார்.

கெஞ்சினேன், சார். காலைத் தொட்டேன். யார் விழுந்தது என்று மட்டும் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் என் முகத்திலேயே மச்சினன் படித்துவிடுவான். பெரியவர் என் தலையில் கைவைத்து, "நல்ல சேதிதான், பயப்படாதீங்க" என்றார். வியாபாரத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

இனி இறங்க எனக்கு இடமில்லை. வெயிலாக இருக்கிறது, கிடங்கில் குளிர்ச்சியாக இருக்கும் என்று பின்னால் கூட்டிப்போனேன். துணிப் பேல்களை, இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டைகளை, கிடங்குச் சுவரோரமாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருப்போம். அடி வரிசை நழுவாமல் இருக்கக் கயிறு கட்டிய ஒரு மர ஆப்பு. மேலிருந்து சரக்கை இறக்கிய பிறகுதான் ஆப்பை உருவ வேண்டும் என்பது துணி வியாபாரத்தில் பாலபாடம். அந்த அடுக்கின் அடியில் ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு ஆப்பின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. துணிதானே.

கைக்கட்டு கட்டிய கை மட்டும் வெளியே தெரிந்தது. விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து முன்கடையில் ஓர் அம்மா தலையணை உறைக்குத் துணி கேட்டு வந்தார். நிறம் பிடிக்கவில்லை, விலை பிடிக்கவில்லை என்று ரொம்ப நேரம் பேசினார். நான் அவசரப்படவில்லை. பூப்போட்டதை எடுத்துக் கொடுத்து, நியாயமான விலைக்கே கொடுத்தேன். அவர் போன பிறகு எட்டிப் பார்த்தேன். விரல்கள் நின்றிருந்தன.

சாயங்காலம் மச்சினன் வந்து, பேல்களைப் பார்த்து அலறி, வெறும் கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். சரிந்துவிட்டது, என்ன செய்வது என்றேன். அவனும் நம்பினான். அப்புறம் சுவரைப் பார்த்தான்.

உருவிய ஆப்பைக் கீழே போட்டால் யாராவது கால் இடறுவார்கள் என்று அப்பா பழக்கிவிட்டது. சுவரில் ஓர் ஆணி உண்டு. உருவியதும் கை தானாக அதில் மாட்டிவிடும். தானாகச் சரிந்த அடுக்கின் ஆப்பு ஆணியில் தொங்காது, சார். பஸ் டிரைவருக்கு இது புரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவன் இத்தனை வருஷமாக என் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், பெரியவரை என்னிடம் அனுப்பியதே அவன்தான் என்று. பஸ்ஸில் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் முன்பே கேட்டுவிட்டானாம். விழுந்தது நிழலாம். என் சம்மட்டி ஜெயித்ததை நான் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும், அந்த நேரம் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அனுப்பினானாம். அக்கா போன பிறகு அத்தான் மனசு விட்டுச் சிரித்துப் பார்க்கவில்லை என்றானாம். மகளிடம் வரவில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டானாம்.

நம்புகிற மாதிரி இல்லை, சார். அவன் ஆள் தோற்றான் என்று அவன் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில்தான் இருக்கிறான் என்கிறீர்கள். உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்க முடியாது, எழுந்து போகிறேன் என்கிறானாம். போகட்டும். பேரத்தில் இது வழக்கம்தான். வேண்டாம் என்று படியிறங்கித் தெருமுனை வரை போவார்கள். நாம் கூப்பிடாமல் இருந்தால் போதும், தானே திரும்பி வருவார்கள். நாற்காலி ஒன்று இங்கே போட்டு வையுங்கள், சார். நான் கூப்பிடப் போவதில்லை.