ரேடியேட்டரில் மஞ்சத்தூள்

இந்த வண்டி இப்படிப் படுத்துக் கெடக்குறதுக்குக் காரணம் ஒரே ஒருத்தன்தாங்க. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான். பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா கூடவே நாலு கெட்ட வார்த்தையும் வந்து விழும், வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க. நீங்க பாருங்க தம்பி. வாங்க வந்தவங்க நல்லாப் பாத்துக்கணும். ஏறி உக்காந்து பாருங்க. சீட்டுல ஒரு கிழிசல் இருக்கா? ம். எறங்கிட்டீங்களா. கதவச் சாத்திட்டீங்க. சரி.

பைக்க ரோட்டுலயே விட்டுட்டீங்களே. மீன் லாரி திரும்புற எடம் அது, இடிச்சுட்டுப் போயிக்கிட்டே இருப்பான். சாவிய இப்படிக் குடுங்க. ஏ நீலா, தம்பி பைக்க கேட்டுக்குள்ள தள்ளி நிறுத்து. அப்படியே டீயும் போடு. இருக்கட்டும் தம்பி, சும்மா அனுப்புனா வீட்டுக்காரி என்னைத்தான் திட்டுவா.

வெலைக்கு வருவோம், என்ன அவசரம். கடக்கரையில போய் சிங்காரவேலுன்னு சொல்லிப் பாருங்க. அந்தப் பேரக்காரப் பயலான்னு கேப்பாங்க. கோவம் வராது எனக்கு, உள்ளதுதானே. பல்லு விழுந்து மொளைக்கிற வயசுலயே மீன் ஏலத்துல நின்னவன் நான். எங்க அப்பா கடலுக்குப் போயிட்டு வந்து கூடையக் கொட்டுவாரு, வெல பேசத் தெரியாது மனுசனுக்கு. நான்தான் நிப்பேன். ஏவாரி வருவான். வாங்குற எண்ணம் இருக்குறவன் மொதல்ல செவுளத் தூக்கிப் பாப்பான். செவுளப் பாக்காம வெல மட்டும் கேக்குறான்னா, அவன் மீன் வாங்க வரல, வேற எதுக்கோ வந்திருக்கான். அடி வாங்கித்தான் அத நான் கத்துக்கிட்டேன்.

அப்புறம் ஐஸ் பொட்டி தூக்குனேன், மீன் டெம்போ ஓட்டுனேன், வட்டிக்கு வாங்கி இந்த வண்டிய எடுத்தேன். ஏழு பேரு உக்காரலாம். இதுல மீன் ஏத்துனதே கிடையாது. ஏர்போர்ட்டு ஓட்டம் மட்டும்தான். இந்தப் பக்கம் நாகூர்லேந்து அந்தப் பக்கம் வேதாரண்யம் வரைக்கும், வீட்டுக்கு ஒரு ஆளு வெளிநாட்டுல இருக்குறானே, திருச்சிக்கு யாரு கொண்டுபோய் விடுறது? நான்தான். வழியனுப்புற பொம்பளைங்க அழுவுறதக் கண்ணாடியில பாத்துக்கிட்டே வண்டி எடுப்பேன். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் பிளேன் தவறுனதில்ல. தவறுனதில்லன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

வண்டி ரிப்பேரு வேலையெல்லாம் அந்தப் பேரு சொல்லாதவன்கிட்டதான், மெக்கானிக்கு. திருவாரூர் போற ரோட்டுல ஷெட்டு. நீங்க அந்தப் பக்கமா? ஓ, கும்பகோணம். சரி. அவனுக்கும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. அவன் ஏத்திச் சொல்லுவான், நான் எறக்குவேன். நான் எறக்குவேன்னு தெரிஞ்சேதான் ஏத்துவான், அவன் ஏத்துறது தெரிஞ்சேதான் நான் எறக்குவேன். பிரேக்கு மாத்துனாலும் சரி, பல்பு மாத்துனாலும் சரி, ஷெட்டே கூடி வேடிக்கை பாக்கும். முடிஞ்சதும் அவன் காசுல டீ. இப்படியே ஓடிச்சு.

இந்த நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. லீவுல வந்த ஆளுங்கல்லாம் பெருநாள் முடிஞ்சு திரும்புற நேரம் வருது. எங்கயாவது நடுரோட்டுல நின்னா என்ன ஆவுறது? ஷெட்டுக்குப் போனேன். கம்பெனி ரேடியேட்டர் புதுசாப் போடு, வெல சொல்லு, ஒரு பைசா எறக்க மாட்டேன்னேன். அவன் வண்டிக்கு அடியிலேந்து தலைய நீட்டி என்னயப் பாத்தான். ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணேன்னு கேட்டான். சிரிச்சேன் தம்பி. சொன்ன தொகைய முழுசா அவன் கையில வச்சேன். வெளையாட்டு வேற, ஆளுங்க பொழப்பு வேற, இல்லையா? அது அவனுக்குப் புரியும்னு நெனச்சேன்.

வண்டி திரும்பி வந்துச்சு. உள்ள மல்லிப்பூ வாசன. பின் சீட்டுக்கு அடியில ஒரு தாம்பூலப் பை. திருப்பனந்தாள்ல எவனுக்கோ கல்யாணமாம், பொண்ணு பேரு பிரதீபா, பைமேலயே அச்சடிச்சிருந்துச்சு. வேலைக்கு விட்ட வண்டிய வாடகைக்கு விட்டுட்டான் பய. கேட்டதுக்கு, டிரையல் பாத்தோம்ணேன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னிக்கே அவன் சட்டையப் புடிச்சிருக்கணும். சரி, புது ரேடியேட்டர் போட்டுட்டான்ல, போவட்டும்னு விட்டேன். பானட்டத் தொறந்து பாத்தேன், கருப்பா பளபளன்னு இருந்துச்சு.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சர்க்கர போதுமா?

மெஹராஜ் பேகம்னு ஒரு அம்மா, நாலு தெரு தள்ளி. வீட்டுக்காரர் இல்ல, ஒரே மவன் சேக் தாவூது. மஸ்கட்டுல ஒரு கடையில வேல, லீவுல வந்திருந்தான். விசா முடியறதுக்குள்ள உள்ள போயிடணும், அன்னிக்கு ராத்திரிதான் கடைசி பிளேன். அந்தம்மா துஆ ஓதி மவன் நெத்தியில ஊதிட்டு, என் பக்கம் திரும்பி, தம்பி உங்கள நம்பித்தான்னு சொன்னாங்க. தஞ்சாவூர் தாண்டுற வரைக்கும் ஒண்ணுமில்ல. செங்கிப்பட்டிகிட்ட சூடு முள்ளு ஏறுது, ஓரங்கட்டி நிறுத்துறதுக்குள்ள முன்னாடியெல்லாம் பொகை. எஞ்சின் அப்படியே இறுகிப் புடிச்சு நின்னுடுச்சு.

நடுரோட்டுல நின்னு கையக் காட்டுனேன் தம்பி. பஸ்ஸு, லாரி எதுக்கும் மறிச்சேன். ஒரு செங்கல் லோடுக்காரன் ஏத்திக்கிட்டான். பையன் பொட்டிய செங்கல் மேல வச்சுப் புடிச்சுக்கிட்டுப் போனான். போய்ச் சேரும்போது கவுண்டர சாத்திட்டாங்க.

விசா போச்சு. கடையில வேற ஆளப் போட்டுட்டாங்க. இப்ப அந்தப் பையன் இங்க ஒரு துணிக்கடையில மூட்டை பிரிக்கிறான். என்னயப் பாத்தா இன்னும் அண்ணேன்னுதான் கூப்புடுறான், அதத் தாங்க முடியல.

அந்தம்மா திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. மறுநாள் போயி வாசல்ல நிக்குறேன், வண்டி வாடகைய எடுத்து நீட்டுறாங்க. டீசல் போட்டிருப்பீங்கல்லன்னு. நான் வாங்குவேனா? வாங்காமலே ஓடியாந்துட்டேன். அதோட முடிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும். அவன் இருக்கானே, டீக்கடையில உக்காந்து சொல்லியிருக்கான். சிங்காரவேலு அண்ணன் அடிச்ச பேரத்துக்குப் பழசத்தான் ஒட்டுப்போட முடியும், நான் என்ன செய்யிறதுன்னு. ஊரே நம்பிடுச்சு. நம்பாம? நாந்தான் பேரக்காரனாச்சே. வெள்ளிக்கிழமை அந்தம்மா என்னய நிறுத்திக் கேக்குறாங்க, ஏன் தம்பி, எம்மவன் ஏறுற வண்டியிலயா மிச்சம் புடிச்சீங்கன்னு.

வாழ்க்கையில ஒரே ஒரு தடவ பேரம் பேசாமக் காசு குடுத்தேன். அத ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க.

அவன் இங்க வந்து, கட்டி இழுத்தாந்து போட்ட வண்டியப் பாத்தான். பாத்துட்டு, எஞ்சின் போச்சுண்ணேன், எடைக்குத்தான் போவும்னான். நானும் ஆத்திரத்துல, வித்துத் தொலைக்கிறேன் போடான்னேன். அவன் போனப்புறம் ரேடியேட்டர் மூடியத் தொறந்தேன். உள்ள மஞ்சளா, சேறு மாதிரி. கைய விட்டுப் பாத்தேன். மஞ்சத்தூள். ஒழுகுற ஓட்டைய அடைக்கிறதுக்கு அந்தக் காலத்து லாரிக்காரங்க செய்வாங்களே, அது. புதுசுன்னு சொல்லிக் காசு வாங்கிட்டு, பழசுலயே மஞ்சத்தூளக் கொட்டி, மேல கருப்புப் பெயின்டு அடிச்சிருக்கான். தூளு போயி குழாய அடைச்சு, தண்ணி ஓடாம எஞ்சின் வெந்திருக்கு. நீலா எட்டிப் பாத்துட்டு, தாளிச்சா குழம்பு வச்சிடலாம் போலிருக்கேங்குறா. அவளுக்கு வாயி அப்படி.

ஏன் தம்பி, டீ ஆறுதே.

பானட்டத் தொறக்கச் சொல்லவே இல்லையே நீங்க. எஞ்சின் போன வண்டிய வாங்க வந்தவரு, எஞ்சினப் பாக்காம வெல கேக்குறீங்க. அவசரம்தான், புரியுது. இன்னொண்ணு. விக்கிறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. அவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.

அத விடுங்க. அந்த டிரைவர் பக்கக் கதவு இருக்கே, கீல் எறங்கிப் போச்சு. கொஞ்சம் மேல தூக்கி, உள்ள அமுக்கித்தான் சாத்தணும். புதுசா வர்றவங்க ரெண்டு மூணு தரம் படார் படார்னு அடிச்சுப் பாத்துட்டு என்னயத் திரும்பிப் பாப்பாங்க. நீங்க வந்தீங்க, எறங்குனீங்க, தூக்கிச் சாத்துனீங்க. அழகா சாத்துனீங்க. திருப்பனந்தாள் கல்யாணத்துக்கு ஓட்டிட்டுப் போயி வந்த கை பாருங்க, மறக்குமா?

உக்காருங்க. நீங்கன்னுதான் இன்னும் பேசிக்கிட்டிருக்கேன், டீ முடியற வரைக்கும் அப்படியே பேசுறேன். கேட்டப் பூட்டிட்டா நீலா. பைக் சாவி, கேட்டு சாவி ரெண்டும் என்கிட்ட. அடிக்கல்லாம் மாட்டேன். அடிக்கிற ஆளா இருந்தா கதவ நீங்க சாத்துனப்பவே அடிச்சிருப்பேன். அவனும் நீங்களுமா எடைக்கு வாங்கி, எஞ்சின் ஏத்தி, வேற எவனுக்காவது விப்பீங்க, அந்த ஏவாரம் எனக்குத் தெரியாததா?

போன எடுங்க. அவனுக்குப் போடுங்க. புது ரேடியேட்டர் அப்புறம், எஞ்சின் அப்புறம், அதுக்கெல்லாம் சாவகாசமா பேரம் பேசிக்கலாம். மொதல்ல மெஹராஜ் பேகம் வீட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க. அண்ணன் முழுக் காசும் குடுத்தாரு, மஞ்சத்தூளக் கொட்டுனது நான்தான்னு அந்தம்மா மொகத்தப் பாத்து, தெரு கேக்குற மாதிரி சொல்லச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லணும். ம், ரிங்கு போவுது. ஸ்பீக்கர்ல போடுங்க.