நகர்த்தியது நகலாகாது

பத்தே நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் லிப்டுத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! மாடி மாடியாய் ஏறி, மோட்டார் அறைகளில் வெந்து, இன்று மூட்டு வலியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த தோழர்களே! லிப்டுக் குழிக்குள் இறங்கிய கணவர் ஏறி வரும்வரை போனைக் கையிலேயே பிடித்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். பேசுகிறேன். தலைக்கவசத்தைப் பற்றி அல்ல, இடுப்புப் பட்டையைப் பற்றி அல்ல. உள்ளங்கை அகலமே உள்ள ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், முடிக்கும்போது பார்ப்போம்.

ஒன்று கேட்கிறேன், உரக்கச் சொல்லுங்கள். ஒரு லிப்டை எத்தனை கம்பிவடம் தாங்குகிறது? நாலு என்கிறார் ஒருவர். ஆறு என்கிறார் மூத்தவர். சரி. ஒரே ஒரு வடம் போதும் என்று கட்டட உரிமையாளர் சொன்னால், சான்றிதழில் கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாக நானும் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான் என் குடும்பத்தின் பதினாறு வருடத்தை ஒற்றை வடத்தில் தொங்கவிட்டேன்!

என் மனைவி பேருந்து நடத்துநர். பின்படியில் நின்று அவள் குரல் கொடுத்தால் ஓட்டுநருக்கு விசில் தேவையில்லை. அவளையும் மகளையும் படம் எடுப்பது எனக்குப் பைத்தியம். மகள் பிறந்ததும் படம், நடந்ததும் படம், முதல் பல் விழுந்ததும் படம். போன் நிரம்பியது, மடிக்கணினிக்கு மாற்றினேன். மடிக்கணினியும் நிரம்பி மூச்சு வாங்கியது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மொத்தப் படங்களையும் தேர்ந்தெடுத்து, கட் செய்தேன், பேஸ்ட் செய்தேன். அதன்பிறகு எடுத்த படங்களையும் மாதாமாதம் அப்படியே. கணினி காலி, போன் காலி, என் கவலையும் காலி!

அன்றைக்கே மனைவி கேட்டாள்: “பேக்கப் எடுத்துட்டீங்க, சரி. பழைய எடத்துலயும் இருக்குல்ல?”

“அதான் இதுல பத்திரமா இருக்கே, அப்புறம் எதுக்கு அங்க?” என்றேன்.

தோழர்களே, அது பிரதியா? இருந்த இடம் மாறியது. எண்ணிக்கை மாறியதா? முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. அந்த ஒன்றுக்குப் பேக்கப் என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை. பேருந்துப் பணிமனையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது என் மனைவி கையிலிருந்து பேனா நழுவியது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. சக ஊழியர்கள் உடனே மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் தங்கியது. ஒரு மாதத்தில் நடையும் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. தண்ணீருக்கும் கைகாட்டல், தலையணைக்கும் கைகாட்டல். மகளைக் கூப்பிட வாய் திறப்பாள். வேறேதோ ஓசை வரும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நாள் முழுக்க ஊரையே பேச்சால் ஏற்றி இறக்கியவள்!

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் முதல் வாரத்திலேயே சொன்னார்: “பொதுவான படங்களை வச்சு ஓரளவுக்குத்தான் முடியும் சார். அவங்க வீடு, அவங்க ஆளுங்க, அவங்க வேலை செஞ்ச பஸ், இதெல்லாம் போட்டோவா கொண்டு வாங்க. தெரிஞ்ச முகத்தப் பாத்தா வார்த்தை தேடிக்கிட்டு வரும்.”

“படமா? பதினாறு வருஷத்துப் படம் இருக்கு!” என்று மார்தட்டினேன்.

அடுத்த பயிற்சிக்குக் கிளம்பும் காலை. ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகினேன். சுழல ஆரம்பித்தது. வாசலிலிருந்து மகள் கத்தினாள்: “அப்பா, வண்டி வந்துருச்சு!” சட்டென்று எழுந்தேன். வயர் என் காலில் சிக்கியது. மேசை உயரம்தான். விழுந்தது பளிங்குத் தரையில். எடுத்து மீண்டும் செருகினேன். டக்… டக்… டக். வேறு ஒன்றும் இல்லை.

பழுதுபார்க்கும் கடைக்காரப் பெண் மூன்று நாள் வைத்துப் பார்த்தார். “ஓடிக்கிட்டு இருக்கும்போது விழுந்திருக்கு சார். உள்ள படிக்கிற முனை தட்டுல உரசி மேல்பூச்சையே சுரண்டிருச்சு. யார்கிட்ட கொண்டு போனாலும் வராது.” பிறகு இயல்பாகத்தான் கேட்டார்: “வேற காப்பி இருக்குமே?”

எனக்கு நாக்கு நன்றாக இருந்தது, தோழர்களே. வார்த்தைதான் வரவில்லை.

அன்று சாப்பிடும்போது மகள் சொன்னாள்: “அப்பா, அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி பெரியம்மா இந்த டிஸ்க்க வாங்கிட்டுப் போனாங்கல்ல? திரையில ஓட்டுறதுக்குப் படம் வேணும்னு?”

பெரியம்மா என்றால் என் அண்ணன் மனைவி, என் அண்ணி. அப்போது நாலு வருடமாக அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அண்ணன் மகள் கல்யாணத்தன்று ஒரு கட்டடத்தில் லிப்டு நின்றுபோய் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். நான் போய் அவர்களை வெளியே எடுத்துவிட்டு வந்து, நாங்கள் மூவரும் மண்டபம் போய்ச் சேர்வதற்குள் குடும்பப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். “எங்கள விட்டுட்டுக் குடும்பப் படமா?” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவ்வளவுதான் சண்டை. மூன்றாம் மனிதர்களுக்காக எத்தனையோ கதவுகளை நெம்பித் திறந்திருக்கிறேன். அண்ணி வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

அண்ணிதான் திறந்தார். என்னைப் பார்த்தார். “உள்ள வாங்க தம்பி” என்றார். நான் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப எதெது வேணும்னு பாத்து எடுக்க நேரம் இல்ல. மொத்தத்தையும் எங்க டிஸ்க்ல காப்பி பண்ணிக்கிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், தப்புதான்” என்றார்.

“தப்பா? அண்ணி, அது மட்டும் இல்லன்னா…”

அவர் என்னை முடிக்க விடவில்லை. “ரெண்டு மாசமா அவ இப்படிக் கெடக்கிறா. எனக்கு ஒருத்தரும் சொல்லல. போட்டோ தொலைஞ்சதும்தான் என் ஞாபகம் வந்துச்சா?”

தலை குனிந்து நின்றேன். அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. டிஸ்க்கோடு திரும்பியவர் செருப்பையும் மாட்டிக்கொண்டார். “நடங்க. நானும் வரேன்.”

மறுநாள் பயிற்சி அறை. மனைவிக்கு ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் மகள். அம்மையார் கணினியில் ஒவ்வொரு படமாகக் காட்டினார். எங்கள் வீட்டு வாசல். பதில் இல்லை. மகளின் பள்ளிச் சீருடை. உதடு அசைந்தது, ஓசை இல்லை. அடுத்தது கூட்டம் பிதுங்கும் பேருந்து. பின்படியில் தோளில் பையோடு அவள். யாரோ பயணியை அதட்டும் முகம். மனைவி அந்தப் படத்தையே பார்த்தாள். கை எழுந்தது. காற்றில் யாரையோ தள்ளியது.

“உள்ள… போங்க” என்றாள். பிறகு இன்னும் உரக்க, “உள்ள போங்க, உள்ள போங்க!”

“எங்கடி போறது? சுவருதான் இருக்கு!” என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டே அழுதார். மகள் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் மனைவி எங்கள் மூவரையும் பார்த்து, அறுபத்தாறு நாளுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். கதை முடியவில்லை. இப்போது அவள் சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறாள். இதோ மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறாள், எதையாவது மிகைப்படுத்தினால் கைகாட்டுவேன் என்று சொல்லியிருக்கிறாள். நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அண்ணி படியெடுத்தது கல்யாணத்துக்கு முன்புவரை. அதற்குப் பிந்தைய நாலு வருடம் எங்கே? என் மகளின் பதினொன்று முதல் பதினைந்து வரை எங்கே? முகம் மாறி, குரல் மாறி, தோள் உயர்ந்த அந்த நாலு வருடம் எங்கே? சொந்தக்காரர்கள் போனிலும் தோழிகள் போனிலும் தேடித் தேடி முந்நூற்றுச் சொச்சம் படம் சேர்த்தோம். மீதி போயிற்று. திருடன் கொண்டுபோகவில்லை, தீ கொண்டுபோகவில்லை. நான்தான் கட் என்று அழுத்தினேன்.

ஆகவே தோழர்களே, கட் வேண்டாம், காப்பி செய்யுங்கள். படம் போனிலோ கணினியிலோ இருக்கும்போதே டிஸ்க்கிலும் இருக்கட்டும். போனிலோ கணினியிலோ இடம் இல்லை என்றால், இன்னொரு டிஸ்க்கிலும் படியெடுத்த பிறகு அங்கே அழியுங்கள். ஒன்றை உங்கள் வீட்டில் வையுங்கள், மற்றதை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரே அலமாரியில் இரண்டையும் அடுக்கினால், தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். படியெடுத்ததும் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். பிரேக்கைச் சோதிக்காமல் லிப்டை ஓடவிடுவோமா? ஓடும் டிஸ்க்கைத் தூக்காதீர்கள், வயரை நடைபாதையில் விடாதீர்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாள் உங்களிடம் இல்லையா? போனைத் தடவுவதற்கு இருக்கிறதே!

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு இதற்கென்றே ஒதுக்கியாயிற்று. மகள் காப்பி செய்கிறாள், மனைவி திறந்து சோதிக்கிறாள். என்னை வயரின் பக்கமே விடுவதில்லை.

தலைவர் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். பேச இடம் தந்த சங்கத்துக்கும், என் அசட்டுத்தனத்தைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கதவைத் திறந்த அண்ணிக்கும் நன்றி. வீடு போய்ச் சேர்ந்ததும், உங்கள் பிள்ளைகளின் இன்றைய முகம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை ஒன்று என்றால், இன்னொன்று எடுக்கும்வரை உட்காராதீர்கள். வணக்கம்.