அடைக்காத காது

சென்ட் லோரன்ட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். காது டொக்டரிடம் போய்விட்டு வருகிறார்கள்.

"இனி உம்மட ஏச்சு அரைவாசிதான் கேக்கும்" என்று அவர் சிரித்தார்.

"சிரிக்காதேங்கோ! டொரோண்டோவுக்கு மோட்டச்சைக்கிளிலை ஓடி ஓடிக் காதைக் கெடுத்தாச்சு. காதுக்கை அடைப்பான் வையுங்கோ எண்டு எத்தினைதரம் சொன்னனான்?"

"ஹெல்மெட் போட்டனான்தானே."

"அது மண்டைக்கு! காத்துச் சத்தம் அதுக்குள்ளையும் இரையும் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே? நேற்றுப் பக்கத்து அறையிலை பிள்ளை கட்டிலாலை விழுந்து கத்தினது உங்களுக்குக் கேக்கேல்லை!"

அவர் முகம் இறுகியது. "போனது திரும்பாதாம். இனி அடைச்சு என்ன?"

"மிச்சத்தையாவது காப்பாத்துங்கோ. பிள்ளை இன்னும் 'அப்பா' எண்டு சொல்லத் தொடங்கேல்லை."