இரும்புக் கதவின் தாளம்

காபி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்தில் இப்படி ஒரு காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சின்ன யோசனை மட்டும், மேடம். மேஜைமேல் இருக்கிற அந்த ஒலிப்பதிவுக் கருவிக்கு அடியில் உங்கள் கழுத்துத் துணியை மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் நான் கோப்பையை வைக்கும் சத்தம் மரத்தின் வழியாக ஏறி, என் பேச்சைவிடப் பெரிதாகப் பதிவாகும். ஆம், அப்படித்தான். பிறகு இதைக் கேட்டு எழுதப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

என் பெயர் சில்வானோ. இந்த ரியேக்கா துறைமுகத்திலேயே பிறந்தவன். ‘ஈரச் சுவர்’ குழுவில் சின்தசைசரும் தாள இயந்திரமும் என் பொறுப்பு. பாட்டுகளைப் பதிவு செய்வதும் மிக்ஸிங்கும் நான்தான். ஸ்வானே பேஸ் கிட்டார் வாசிப்பான். நிவெஸ் பாடுவாள். எங்களுக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் கிடையாது. ஒரு பாட்டு தயாரானால் நாங்களே இணையத்தில் ஏற்றிவிடுவோம். குழுவின் பெயர் எங்கள் ஒத்திகை அறையின் சுவரைப் பார்த்து வைத்தது. வந்து பார்த்தவர்கள் யாரும் பெயர்க்காரணம் கேட்டதில்லை.

எங்கள் வகைப் பாட்டு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். தாள இயந்திரம் களைப்பதே இல்லை. அதன்மேல் பேஸ், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கும். சின்தசைசர் மேலே ஒரு குளிர்ந்த போர்வையை விரிக்கும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு மனிதக் குரல். அந்தக் குரல் கொஞ்சம் தனித்து, கொஞ்சம் வழி தவறி வந்ததுபோல் இருக்க வேண்டும். ஆடிக்கொண்டிருப்பவனுக்கு முதுகு சிலிர்ப்பது அந்த இடத்தில்தான். பாடுகிறவள் சந்தோஷமாக இருந்தால் கணக்கு குலைந்துவிடும்.

குரலுக்கு இடமும் முக்கியம். எங்கள் ஒத்திகை அறையின் கொல்லைப்புறத்தில், போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து மலையைக் குடைந்த ஒரு சுரங்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் இரும்புக் கதவு. அந்தப் பக்கத்தை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கூரையில் காற்றுக்காக ஒரு குழாய், அவ்வளவுதான். உள்ளே பாடினால் குரல் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பும். திரும்பும்போது ஈரப்பாறை அதன் கூர்மையை மட்டும் தின்றுவிட்டு மீதியைத் தரும். எந்தக் கருவியாலும் அதைச் செய்ய முடியாது. மைக்கையும், பாடுகிறவளுக்குத் தாளம் கேட்க ஒரு ஹெட்ஃபோனையும் உள்ளே வைத்து, கேபிளைக் கதவுக்கு அடியில் விட்டு, நான் அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்துகொள்வேன்.

சென்ற குளிர்காலத்தில் ‘துறைமுக விளக்கு’ பாட்டை அங்கே பதிவு செய்தோம். அன்று மலையிலிருந்து புரா என்கிற குளிர்காற்று இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிக்குச் சற்று முன் காற்று கதவை அறைந்து சாத்த, வெளியே தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. நானும் ஸ்வானேயும் ஓடிப்போய்த் திறந்தோம். நிவெஸ் வெளியே வந்து, கோட்டுப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்துக்கொண்டாள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீன்னா என் சாவு வீட்டுலதான்டா வாசிச்சிருப்ப.”

“காத்துக்கே உன் பாட்டு தாங்கலை. அதான் சாத்திட்டுப் போயிடுச்சு” என்றான் ஸ்வானே.

“உன் பேஸைக் கேட்டுட்டுதான்டா ஓடியிருக்கு, எருமை.”

அப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டபோது, கதவு சாத்திய பிறகு வந்த அந்த ஒரு வரியில் அவள் குரல் இறுகி, மெலிந்து, யாரையோ தேடிக்கொண்டு போவது கேட்டது. அப்படியே விட்டுவிட்டேன். லுப்லியானாவிலும் பெல்கிரேடிலும் வானொலியில் போட்டார்கள். எழுதியவர்கள் எல்லாரும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதினார்கள்.

கோடையில் ‘ஞாயிறு காபி’ வந்தது. நல்ல பாட்டு. என் சின்தசைசர் அதில் பிரமாதம் என்று நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அதற்குள் நிவெஸ் எல்லைக்கு அப்பால், இத்தாலியின் த்ரியெஸ்தேயில் படகு பழுது பார்க்கும் ஒருவனைக் காதலிக்க ஆரம்பித்திருந்தாள். குரலில் தேன் ஊறியிருந்தது. யாருக்கும் முதுகு சிலிர்க்கவில்லை.

அடுத்த பாட்டுக்கு ஒத்திகை பார்க்கும்போது அவளிடம் கேட்டேன்.

“கொஞ்சம் குளிரா பாடேன், நிவெஸ்.”

“குளிரா வேணும்னா ஃப்ரிட்ஜைப் பாடச் சொல்லு. நான் நல்லா இருக்கேன்டா, அதுக்கு என்ன பண்றது?”

“கதவு சாத்தின அன்னிக்குப் பாடின மாதிரி.”

“அது பாட்டு இல்ல, சில்வா. அது பயம்.”

இதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. கிட்டார் கம்பி முறுக்கினால்தான் பேசும். முறுக்குவது கம்பிக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பாட்டு முடிந்ததும் த்ரியெஸ்தேக்கே போய்விடப்போவதாகச் சொன்னாள். நான் கோபப்படவில்லை. ஸ்வானேயைக் கேளுங்கள், அன்று அவளுக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தவன் நான். கடைசிப் பாட்டு என்றால் அது சரியாக வர வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பாட்டின் பெயர் ‘வெளியே யார்’.

நாள் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தேன். புரா அடித்தால் சுரங்கத்தின் குழாய், காலிப் புட்டியின் வாயில் ஊதுவதுபோல ஊளையிடும். முதல் பாட்டில் அந்த ஊளையைக் குறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தெற்கே கடலிலிருந்து யூகோ வீசும் நாளில் அந்தத் தொல்லை இல்லை. காற்று சூடாக, ஈரமாக இருக்கும். குழாய் வாய் திறக்காது. அதனால் யூகோவுக்காகக் காத்திருந்தேன். ஸ்வானே தன் பகுதியை முன்பே வாசித்துவிட்டு, ஒலிவ் பறிக்க ஊருக்குப் போயிருந்தான்.

நிவெஸ் நைலான் கோட்டு போட்டு வந்திருந்தாள். கை அசைந்தால் சரசரவென்று கேட்கும், மைக் அதை விடாது. கழற்றி வெளியே ஆணியில் மாட்டச் சொன்னேன். கைப்பேசி கேபிளுக்குப் பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வரும். அதையும் கோட்டுப் பையில் போடச் சொன்னேன். எந்தப் பதிவுக் கூடத்திலும் இதைத்தான் சொல்வார்கள்.

“உள்ள ஒரே பூஞ்சை நாத்தம்டா. சீக்கிரம் முடி, பஸ்ஸைப் பிடிக்கணும்.”

“ஒரே தடவை. நல்லா வந்துட்டா விட்டுடறேன்.”

“நீ ஒரே தடவைன்னு சொல்லி என்னிக்குடா விட்டிருக்க?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சிரிப்பு பதிவின் ஆரம்பத்தில் இருக்கிறது. பாட்டில் அதை வெட்டிவிட்டேன், தொனி சேரவில்லை.

முதல் தடவை அழகாகப் பாடினாள். அழகாக என்பதுதான் சிக்கல். இரண்டாவது தடவை தாளத்தை ஓடவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

குரல் உடனே மாறியது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. “வெளியே யார்” என்று பாடியவள் நிறுத்திவிட்டு, “சில்வா, வெளிய நீதானே?” என்று கேட்டாள். பாட்டில் அந்த வரி இல்லை. ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டிய வரி என்று தோன்றியது. பிறகு இரும்பைத் தட்ட ஆரம்பித்தாள். அந்த ஒலி சுரங்கத்தின் கடைசிவரை போய் இரட்டித்துத் திரும்பியது. பிறகு மூச்சு. அவ்வளவு கிட்டத்தில் ஒரு மூச்சை நான் பதிவு செய்ததே இல்லை.

கோட்டுப் பையில் இன்ஹேலர் இருந்தது எனக்குத் தெரியுமா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். கோட்டு என் ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பாட்டுக்கு நீளமான முடிவு வேண்டும் என்று தாள இயந்திரத்தை முன்பே அமைத்து வைத்திருந்தேன். பாதியில் போய்த் திறந்தால் எடுத்தது எல்லாம் வீண். தாளம் நின்ற பிறகு போய்த் திறந்தேன்.

புரா அடித்துக் கதவு சாத்திக்கொண்டது என்று அன்று சொன்னேன். அது முழுப் பொய் இல்லை, ஒரு முறை அப்படி நடந்ததுதானே. எழுதிக்கொண்டு போன காவலர் கடலே இல்லாத ஸாக்ரெப்காரர். அவருக்கு எல்லாக் காற்றும் காற்றுதான். நிவெஸின் அம்மாவும் நம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா அவ பாடினதைப் பத்திரமா வெச்சிரு தம்பி” என்றார். பத்திரமாகத்தான் வைத்தேன். அவள் நினைவாக ‘வெளியே யார்’ வெளியானது. முந்தைய இரண்டையும் சேர்த்தாலும் இதற்கு வந்த வரவேற்பில் பாதி வராது.

ஸ்வானே அதை ஊரிலிருந்தபடியே கேட்டிருக்கிறான். நேராக அறைக்கு வந்தான்.

“எந்தப் புராடா அடிச்சுது? அன்னிக்கு நான் ஒலிவ் மரத்தடியில யூகோ மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நின்னேன்.”

“இங்க அடிச்சுதுடா.”

“அப்போ குழாய் ஏன்டா ஊதலை?”

நல்ல காது அவனுக்கு. பழக்கியவன் நான்தான். மேஜையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான். பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாள் பார்த்துக் காத்திருந்தேன், அந்தச் சுத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது. ஸ்வானேமேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவன் அன்று அழுததற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் துடித்துச் செத்தாள் என்று அவன் நினைக்கிறான். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள்.

பாட்டை ஒரு முறை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், மேடம். அந்தத் தட்டல்களை மட்டும் கவனியுங்கள். ஒன்றுகூடத் தாளம் தப்பவில்லை. நிஜமாகப் பயந்தவளால் அப்படித் தட்ட முடியுமா? அவள் காதில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. கடைசிவரை என்னோடு சேர்ந்துதான் வாசித்தாள்.

மூலப் பதிவில் அப்படி இல்லை என்கிறீர்கள். கேட்டுவிட்டீர்களா? சரி, அதில் தட்டல்கள் கண்டபடிதான் விழும். மூலப் பதிவு என்றாலே அப்படித்தான். அடக்கத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டலாக எடுத்து நகர்த்தி, அவளைத் தாளத்துக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.