சிவப்புச் சட்டை

— நூத்திப் பதினெட்டு டாலர் தரணும் நீ எனக்கு. மறந்துட்டியா மார்செல்?

— மறக்கலண்ணே.

— உங்கம்மா நம்ம காலேஜ் ஃபுட்பால் ஆட்டம் பாக்க டெக்சாஸ்லேந்து பஸ்ஸு புடிச்சு வந்தாங்களே, அப்ப மோட்டல் ரூமுக்கு நான் கட்டினது.

— தெரியும்ண்ணே. அம்மா இன்னும் சொல்லிட்டிருக்கு. அந்தப் பெரிய பையன் ஆல்வின், என் பொட்டியை ஒத்தை விரல்ல தூக்கிட்டு வந்தான்னு.

— அது கிடக்கட்டும். காசை எடு. ஊரை விட்டுப் போறவன்கிட்ட முன்கூட்டியே வசூல் பண்ணிடணும்.

— நான் எங்க போறேன்? உன் வண்டியில உக்காந்து சூரியகாந்தி விதை கொறிச்சிட்டிருக்கேன்.

— தோலை டம்ளர்ல துப்பு. போன வாரம் சீட்டெல்லாம் துப்பி வெச்சிருந்த, எங்கப்பா கோழிக்கூண்டான்னு கேட்டாரு. இங்க பாரு தம்பி, எனக்குக் காது குத்தாத. காலையில கோச் எல்லாரையும் கூட்டி வெச்சு என்ன சொன்னாரு? மார்செல் இனிமே இந்த வருஷம் ஆடப் போறதில்ல, சிவப்புச் சட்டை போட்டுக்கறான்னாரு. எவன் மூஞ்சியிலயும் ஈயாடல.

— சொன்னாரு.

— நாலு ஆட்டம் முடிஞ்சாச்சு. நாளன்னைக்கு சனிக்கிழமை அஞ்சாவது. அதுல நீ ஒரே ஒரு தடவை களத்துல கால் வெச்சாலும் காலேஜ்ல ஆட உனக்குக் கணக்கு வெச்சிருக்கற வருஷத்துல ஒண்ணு செலவு. நாலோட நிறுத்திட்டா இந்த வருஷம் ஆடாத மாதிரி. அப்படியே முழுசா கையில இருக்கும், எங்க வேணும்னாலும் கொண்டு போய் ஆடலாம். எங்கடா கொண்டு போற?

— அண்ணே, ஜிம்முக்கு அங்க திரும்பியிருக்கணும். தாண்டிட்ட.

— சும்மா ஒரு சுத்து சுத்தலாம்னுதான். பேச்சை மாத்தாத. இந்தா, தானியம் கொட்டி வெக்கிற கோபுரத்துக்கிட்ட ஓரம் கட்டறேன். சோளம் ஏத்தின லாரிக்காரனுங்களைத் தவிர ஒரு நாய் வராது இங்க. இப்ப சொல்லு. எந்தக் காலேஜ்?

— எந்தக் காலேஜும் இல்ல.

— உங்க ஊர்ப் பக்கமா? எவ்வளவு குடுக்கறாங்க? அம்மாவுக்கு வீடா, உனக்குக் காரா? கார்னா என்ன கலரு?

— ரெண்டு பேரு போன் பண்ணாங்க. அது நெசம். நான் திருப்பிக் கூப்பிடல.

— ஆகாகா. அவங்க கூப்பிட்டாங்களாம், தொரை திருப்பிக் கூப்பிடலயாம்.

— நம்பலன்னா என் போனைப் பாரு.

— போன்ல இருக்கறதை அழிக்கத் தெரியாத பாப்பாவா நீ? எங்கம்மா குடுத்தனுப்பின பன்னு ரெண்டும் அப்படியே மடியில வெச்சிருக்க. கறியும் முட்டைக்கோசும் அடைச்சு, காலையில எந்திரிச்சு சுட்டது. மத்த நாள் வண்டி கிளம்பறதுக்குள்ள ஏப்பம் விடுவ. இன்னைக்கு மட்டும் ஏன் இறங்கல?

— பசிக்கல.

— பசியில்லயாம். பண்ணப் போற வேலைக்கு, அவங்க கையால சுட்டதைத் தின்ன மனசு வரல. அதான் விஷயம்.

— வெயிலே இல்ல. நீ எதுக்கு இன்னும் கருப்புக் கண்ணாடி போட்டிருக்க?

— என் கண்ணு, என் கண்ணாடி. அந்த லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான் பாரு, தலைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. அது கிடக்கட்டும். போன சனிக்கிழமை கடைசி நிமிஷத்துல பந்தை எப்படி விட்ட?

— கை ஈரமா இருந்துச்சு.

— மழையே இல்ல.

— வேர்வை.

— தம்பி, ரெண்டு வருஷமா நான் குனிஞ்சு நிக்கறேன், நீ எனக்குப் பின்னால கையை நீட்டிட்டு நிக்கற. நீ குரல் குடுக்கற, ஒண்ணாவதோ ரெண்டாவதோ, பேசி வெச்ச குரலுக்கு நான் பந்தை உன் கையில வெக்கிறேன், அப்புறம் எதிர்ல வர்றவனை முட்டி நிறுத்தறேன். பனி கொட்டி விரல் மரத்துப் போனப்பக் கூட நீ ஒண்ணு நழுவ விட்டதில்ல. அன்னைக்கு மட்டும் பந்து உன் முட்டியில பட்டு ஓடுது, அவனுங்க பொறுக்கிட்டுப் போறானுங்க, நாம தோக்கறோம். அந்த வாரமே நீ சிவப்புச் சட்டை. நான் கோதுமை விதைக்கிறவன் பையன்தான், ஆனா எனக்கும் கூட்டத் தெரியும். வேணும்னே விட்டியா?

— அண்ணே!

— வாயைத் தொறந்து சொல்லு.

— வேணும்னே விடல. எங்கம்மா மேல சத்தியமா.

— அவங்களை இழுக்காத. அவங்க நல்லவங்க. சரி, திங்கக்கிழமை டாக்டர் ரூம்ல உனக்கு என்ன வேலை? நான் வெளிய ஐஸ் தொட்டியில காலை விட்டுட்டு உக்காந்திருந்தேன். கால் நீலமா ஆயிருச்சு, அது வரைக்கும் நீ வெளிய வரல.

— தோள் வலி.

— எந்தத் தோள்?

— வலது.

— நேத்து அதே தோளால இந்த மூலையிலேந்து அந்த மூலைக்கு வீசின. பந்து இறங்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருக்கலாம்.

— நேத்து வலி கம்மி.

— நீ ரூமை விட்டு வந்தப்பக் கண்ணு செவசெவன்னு இருந்துச்சு. தோள் வலிக்கு எவன்டா அழுவான்? அங்கேந்து நேரா கோச் ரூமு. கதவைச் சாத்திக்கிட்டீங்க. நீ கத்தினது வராந்தா முழுக்கக் கேட்டுச்சாம். “அவன் இருந்தா நான் ஆட மாட்டேன்”னு கத்தினியாம்.

— யாரு சொன்னா?

— யாரு சொன்னா என்ன? கத்தினியா இல்லயா?

— கத்தினேன்.

— எவன்டா அந்த அவன்? பந்து புடிக்க நிக்கறானே அந்த நெட்டைக் கொக்கா? நீ பழகற பொண்ணு பின்னால அவன் திரியறான்னு பசங்க பேசிக்கிறானுங்க.

— கொக்கு இல்ல.

— பின்ன? தோ பாரு, உனக்கு இன்னும் வருஷம் இருக்கு, கூப்பிட ஆளு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? இது அஞ்சாவது வருஷம். எட்டு ஆட்டம் மிச்சம். அதுக்கப்புறம் எங்கப்பா டிராக்டரு, எங்கப்பா கடனு, எங்கப்பா முதுகு வலி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா கெழவனுங்க கையைக் குடுக்கறானுங்களே, சனிக்கிழமை நல்லா முட்டினடான்னு, அது போயிரும். அந்த எட்டையும் கிளேன்னு ஒரு பொடியன் கையில குடுத்துட்டுப் போற. மீசை கூட முளைக்கல. நேத்து பயிற்சியில என் பின்னால நின்னப்ப நான் குடுத்த பந்தை ரெண்டு தடவை கீழ விட்டான். எவனுக்காகடா எங்களை இப்படி நட்டாத்துல விடற?

— அண்ணே, விடு. வண்டியத் திருப்பு.

— என்னையா சொன்ன?

— திருப்புண்ணே.

— மார்செல். என்னைப் பாரு. அந்த அவன், நானா?

— ஆமாண்ணே. உன்னைத்தான் சொன்னேன்.

— உன் மூக்கு உடையக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா முன்னாடி நின்னு முட்டு வாங்கறவனை.

— அதனாலதான்.

— இறங்குடா.

— இறங்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டு இறங்கறேன். போன சனிக்கிழமை அந்தக் கடைசிப் பந்தை எத்தனாவது குரலுக்குக் கேட்டேன்?

— ஒண்ணுக்கு.

— ரெண்டுக்கு. கூடி நின்னப்ப மூணு தடவை சொன்னேன், ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு. நீ சரின்ன. அப்புறம் முதல் குரலுக்கே பந்தை விட்டுட்ட. என் கை அங்க வந்தே சேரல.

— பொய்யி.

— வீடியோ இருக்கு. கோச்சும் பாத்தாரு. டிவிக்காரங்க மைக்கை நீட்டினப்ப கை ஈரம்னு நான்தான் முந்திக்கிட்டேன்.

— எதுக்கு?

— உன்னைக் கேட்டிருப்பாங்க. உனக்கு ஞாபகம் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். அண்ணே, அதுக்கு முந்தின ஆட்டத்துல அந்த ராட்சசன் வந்து உன் தலையில தலையால மோதினானே, அன்னைலேந்து நீ நீயா இல்ல. எந்திரிச்சு நேரா அவனுங்க கூட்டத்துல போய் நின்ன. நான்தான் சட்டையைப் புடிச்சு நம்ம பக்கம் இழுத்துட்டு வந்தேன். பசங்க நீ காமெடி பண்றன்னு சிரிச்சானுங்க.

— காமெடிதான் பண்ணேன். மறுநாளே டாக்டர் உக்கார வெச்சு ஞாபகப் பரீட்சை எழுத வெச்சாரு. பாஸ். போதுமா?

— பாஸாகாம? ஆகஸ்ட்ல, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அதே பரீட்சை வெச்சாங்கல்ல, அன்னைக்கு நீதான என்கிட்ட சொன்ன? “வேணும்னே தப்புத் தப்பா எழுதுடா. அப்புறம் தலையில எவ்வளவு அடி வாங்கிட்டு எழுதினாலும் அதே மார்க்குதான் வரும். எவனாலயும் உன்னை வெளிய உக்கார வெக்க முடியாது, நானும் அப்படித்தான் எழுதினேன்”னு. உன் பேச்சைக் கேட்டு டீம்ல பாதிப் பேரு அப்படித்தான் எழுதினானுங்க.

— அதைப் போட்டுக் குடுக்கத்தான் டாக்டர்கிட்ட போனியா?

— போனேன். ஆல்வினுக்குச் சரியில்லன்னேன். ஆகஸ்ட் மார்க்கையும் இப்ப வாங்கின மார்க்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. ஒரே மாதிரிதான இருக்குன்னாரு. ஆகஸ்ட்ல நீ வேணும்னே எழுதினன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் டிராக்டருதான். சொல்ல முடியல. அழுதுட்டு வந்துட்டேன்.

— கோச்?

— டாக்டரே சரின்னுட்டாரு, உனக்கு என்னடா வந்துச்சுன்னாரு. அப்ப அவன் நின்னா நான் நிக்க மாட்டேன்னேன். அப்படின்னா சிவப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காருன்னாரு. உக்காந்துட்டேன்.

— நீ உக்காந்தா நான் ஆடாம இருந்துருவனா? கிளே பின்னால நிப்பேன்.

— நிப்ப. எனக்குத் தெரியும். ஆனா நான் குரல் குடுத்தாத்தான உன் தலை போய் மோதுது? ஆட்டத்துக்கு அறுபது தடவை, எழுபது தடவை. ஒவ்வொரு தடவையும் நான்தான் போன்னு சொல்றேன். கிளேக்கு ஒண்ணும் தெரியாது, அவன் சொல்வான். தெரிஞ்சிட்டு என்னால சொல்ல முடியாதுண்ணே.

— நல்லா ஜோடிக்கிறடா. டெக்சாஸ்காரன்ல. அது கிடக்கட்டும். காசை வெச்சுட்டு இறங்கு. நூத்திப் பதினெட்டு.

— டேஷ்போர்டைத் தொற. காலி விதைப் பாக்கெட்ல காசு சொருகி வெப்பியே, அதை எடு.

— எதுக்கு?

— எடுண்ணே.

— ...அஞ்சு இருபது. ஒரு பத்து. ஒரு அஞ்சு. மூணு ஒத்தை.

— ஞாயித்துக்கிழமை குடுத்தேன். நீயே எச்சில் தொட்டு எண்ணி உள்ள போட்ட.

— அடியில இன்னொண்ணு மடிச்சிருக்கு.

— அது செவ்வாக்கிழமை.

— இதுவும் அதே. அஞ்சு இருபது, பத்து... எல்லாம் அதே. ரெண்டாவது தடவை எதுக்குடா குடுத்த? குடுத்தாச்சுண்ணேன்னு சொல்ல வேண்டியதுதான?

— நீ என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்த. குடுத்தாச்சுன்னு சொன்னா, நான் பொய் சொல்றேன்னு நினைச்சிருப்ப. இல்லன்னா உனக்குப் புரிஞ்சிருக்கும். ரெண்டுல எது ஆனாலும் எனக்குத் தாங்காது. இன்னைக்கும் கொண்டு வந்திருக்கேன். இந்தா. மூணாவது நூத்திப் பதினெட்டு.

— உள்ள வைடா அதை.

— வெச்சுக்கண்ணே, பரவால்ல.

— உள்ள வைங்கறேன்ல. இந்தக் கட்டையும் புடி, உன்னுது. ஒண்ணுதான் எனக்கு வரணும், வந்தாச்சு. உங்கம்மா கணக்கு தீந்துச்சு. இனி நான் கேட்டா இல்லன்னு சொல்லு. எப்ப கேட்டாலும், எவ்வளவு கத்தினாலும்.

— சரிண்ணே.

— பன்னைத் தின்னு. ஆறிப் போச்சு.

— தின்னுறேன்.

— தின்னுட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரு. சாவி இந்தா. அந்தத் திருப்பம் சும்மா சுத்தறதுக்காகத் தாண்டல மார்செல். எனக்கு வழி தெரியல. நீ ஓட்டு.

— எங்க போக?

— டாக்டர்கிட்ட. இருப்பாரா இந்நேரம்?

— இருப்பாரு. நான் கூட வர்றேன். ஆகஸ்ட்ல வேணும்னே தப்பா எழுதினேன்னு அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் பேசிக்கறேன்.

— அந்த வார்த்தையைத்தான்டா சொல்ல முடியாது.

— ஏண்ணே?

— என் கம்மி மார்க்கைப் பாத்துப் பசங்க சிரிக்கக் கூடாதேன்னு உங்ககிட்டல்லாம் அப்படிச் சொல்லி வெச்சேன். ஆகஸ்ட்ல நான் ஒண்ணைக்கூட வேணும்னே தப்பா எழுதல.