நியாங்வேசோ திருப்பிச் சொன்னது

பிற்பகல் மூன்று மணி. போண்டோவிலிருந்து ஏரிக்கரை ஊரான உசெங்கேவுக்குப் போகிற சாலை. ராத்திரி இல்லை... சுள்ளென்ற வெயில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒச்சோலா, இப்போதே சிரிக்காதே. கரண்ட் வருகிற வரைக்கும் உட்கார்ந்து கேள். முடித்த பிறகு தனியாக வீட்டுக்குப் போவாயா பார்க்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நம் பக்கம் அடக்கமெல்லாம் சனிக்கிழமைதானே, அதற்காகச் சவ வண்டிகள் வரிசையாகப் போய் முடிந்திருந்தன. அதற்கப்புறம் சாலையில் ஈ காக்காய் இல்லை. அந்தச் சாலையோரம்தான் ஒபியெரோவின் கம்ப்யூட்டர் கடை. ஒபியெரோ யார் என்றால், என் நண்பன் ஒடேராவின் தாய்மாமன். கெட்டுப்போன எதையும் எழுப்பிவிடுவார். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

அகேயோ என்று ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் நகத்தளவு மெமரி கார்டு.

"தம்பி, ஆறு மணிக்குள்ள இதத் தொறந்து குடு. ஆறு மணிக்குக் குழி வெட்ட ஆரம்பிச்சிருவாங்க."

அவள் புருஷன் நியாங்வேசோ, முப்பது வருஷம் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். செத்து மூன்று வாரம். இன்னும் பிணவறையில்தான் கிடந்தார், எங்கே புதைப்பது என்று முடிவாகாததால். மூத்தாள் அவீனோவின் பழைய வீட்டு முற்றத்தில் என்றார்கள் தம்பிமார்கள். அவீனோ இறந்து, அதே முற்றத்தில் அவளைப் புதைத்து ஒன்பது வருஷமாகிறது. அகேயோவுக்கோ, தாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டிலேயே அவரைப் புதைக்க வேண்டும். புருஷன் கிடக்கிற முற்றத்திலிருந்து விதவையை யாரும் கிளப்ப முடியாதே. அவர் அவீனோவின் முற்றத்துக்குப் போய்விட்டால் அடுத்த மாதமே தம்பிமார்கள் அவள் வீட்டில் கை வைப்பார்கள்.

"ஆஸ்பத்திரில சொன்னாரு தம்பி. எங்க பொதைக்கணும்னு மெஷின்ல பேசி வச்சிருக்கேன், தொறந்து கேளுன்னு. கொழுந்தனுங்களும், அவர் கொரலக் கேட்டா ஒத்துக்கிறோம்னுட்டாங்க."

மெஷின் என்றால், கோர்ட்டில் பேச்சைப் பதிவு செய்கிற பழைய ரெக்கார்டர். இப்போது அதுவும் செத்துவிட்டது, மிச்சம் அதிலிருந்த இந்தக் கார்டுதான். அதைச் செய்த கம்பெனியும் மூடியாயிற்று. அந்த ஃபைலைத் திறக்கிற சாஃப்ட்வேர் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

"அழாதீங்கக்கா. குரல் உள்ள இருந்தா வெளிய வந்துதான ஆகணும்," என்றார் ஒபியெரோ.

எந்த வகை என்று தெரியாத ஃபைலை வெறும் ஒலியாகவே ஓட்டிப் பார்த்தார். முதலில் எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம். வேகத்தைக் குறைத்தார், கூட்டினார். ஓரிடத்தில் மனிதக் குரல் போல ஏதோ... ஆனால் ஒரே கரகரப்பு. ஃபைல் முழுக்க எண்கள்தானே? ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக் கோத்தார். மீதிப் பாதியைக் குப்பை என்று ஒதுக்கினார்.

குரல் தெளிவாக வந்தது.

"நியாங்வேசோ பேசுறேன்... என்னை... அவீனோ வீட்டு முற்றத்துல... பொதைக்கணும்."

அகேயோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீடு போயிற்று. ஒபியெரோவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விசிறி மட்டும் டக்... டக்... என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் தலையைத் தூக்கினாள்.

"இன்னொரு தடவ போடு."

போட்டார்.

"இது அவர் பேசுற பேச்சில்ல தம்பி. கோர்ட்டுல சாட்சி சொல்லச் சொல்ல, எழுதுறதுக்கு முன்னாடி அதையே திருப்பிச் சொல்லுவாரு. அப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்றாரு. யாரோ சொல்லிக் குடுக்கிறாங்க."

ஒபியெரோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மெஷினில் இரண்டு மைக். ஒன்று எழுத்தருக்கு, ஒன்று சாட்சிக்கு; இரண்டின் எண்களும் மாறி மாறி ஃபைலில் விழும். அவர் குப்பை என்று ஒதுக்கியது சாட்சியின் பாதி.

இரண்டையும் சேர்த்து ஓட்டினார்.

"என்னை..." ஒரு பெண் குரல். "என்னை..." என்கிறார் நியாங்வேசோ. "அவீனோ வீட்டு முற்றத்துல..." மெதுவான, அவசரமில்லாத குரல். அவர் அதையே சொல்கிறார்.

கடைக்குள் புகை போட்ட மீன் வாடை அடித்தது. கதவு சாத்தியிருந்தது.

"மூத்தவ," என்றாள் அகேயோ. "ஒரே முற்றத்துல பதினோரு வருஷம் இருந்தேன். அவ கொரலும், அவ மீன் பொகைக்கிற வாடையும் எனக்குத் தெரியாதா?"

ஒபியெரோ ஃபைலின் தேதியைப் பார்த்தார். போன மார்ச், அவீனோ மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷம் கழித்து. இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

புருஷனின் வார்த்தை முடிந்தும் அந்தப் பெண் குரல் முடியவில்லை.

"அகேயோவ... எனக்கு அந்தப் பக்கம் வையுங்க."

புருஷன் ஒரு பக்கம், இளையவள் மறுபக்கம், நடுவில் அவள். அதை நியாங்வேசோ திருப்பிச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. மறுபடி அந்தக் குரல், அதே நிதானத்தோடு. "அகேயோவ... எனக்கு அந்தப் பக்கம்..." அவர் வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாம் முறையும் சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். ஃபைலில் மிச்சமெல்லாம் மௌனம்.

அந்த மௌனத்தில், கடைக்குள், தரையிலிருந்து...

"அகேயோவ... எனக்கு அந்தப் பக்கம்... வையுங்க."

சொன்னது அகேயோ. நிறுத்தி நிறுத்தி, எழுத்தர் மாதிரி. கண் ஸ்பீக்கரைப் பார்த்தபடி இருந்தது. ஒபியெரோ ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

அவள் எழுந்தாள், துணியைத் தட்டிக்கொண்டாள். தான் பேசியதே அவளுக்குத் தெரியவில்லை.

"நான் கெளம்புறேன் தம்பி. வீட்ட கொழுந்தனுங்களே வச்சுக்கட்டும்."

வெளியே போய் நடந்தாள். தன் வீட்டுப் பக்கம் இல்லை... ஏரிப் பக்கம், அவீனோவின் பழைய வீட்டுப் பக்கம். கார்டைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஒபியெரோ கூப்பிட்டுப் பார்த்தார், அவள் திரும்பவில்லை.

சனிக்கிழமை நியாங்வேசோவை அங்கே புதைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அகேயோவையும். காய்ச்சல் என்றார்கள். ஒடேரா இரண்டு அடக்கத்துக்கும் போயிருந்தான். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் போனதும் ஒபியெரோ ஒயரை மாட்டி, கடைசி நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டினாராம். தேதி அதே மார்ச். மூன்றாம் முறை அந்தக் குரல் கேட்டது. அதற்கப்புறம் மௌனம் இருந்த இடத்தில்... அகேயோவின் குரல், ஒரு சொல் மாறாமல்.

அதற்கும் அப்புறம் எழுத்தரின் மைக்கில், ஒரு ஆண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.